பரங்கிமலைச் சிலுவைக் கல்: வாசிப்புகளும் வரலாற்று முடிவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைப் பரங்கிமலை உச்சியில் உள்ள பஹ்லவி எழுத்துப் பொறித்த சிலுவைக் கல், தமிழகக் கடற்கரையில் இடைக்காலத் தொடக்கத்தில் நிலவிய கிறித்தவ வழிபாட்டிடம் ஒன்றின் எச்சமாகக் கருதப்படுகிறது. 1547இல் வெளிப்பட்ட இக்கல் கடந்த நான்கரை நூற்றாண்டுகளில் பலவாறு வாசிக்கப்பட்டுள்ளது. அவ்வாசிப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளையும், அவற்றின்மேல் கட்டப்பட்ட வரலாற்று முடிவுகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கல்வெட்டின் இறுதி வினைச்சொல் உறுதிப்படாதவரை, இக்கல்லைக் கொண்டு மலைமீது ஒரு தேவாலயம் இருந்ததென நிறுவ இயலாது என்பதும், அதே வேளையில் கல்லின் தொன்மையை ஐயுறவும் இடமில்லை என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பரங்கிமலை, பஹ்லவிக் கல்வெட்டு, சிலுவைக் கல், கீழைத் திருச்சபை, தரிசாப்பள்ளிச் செப்பேடு, மணிக்கிராமம்

முன்னுரை

பூந்தமல்லியிலிருந்து தென்கிழக்காக வரும் நெடுஞ்சாலை பரங்கிமலை அடிவாரத்தை அடைகிறது. ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியில் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய அன்னை மரியாள் ஆலயம் உள்ளது. அதன் பலிபீடத்தின் பின்சுவரில் கருங்கல் பலகை ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. திருத்தூதர் தோமா தம் கையால் செதுக்கிய சிலுவை என மரபு அதனைப் போற்றுகிறது. கல்வெட்டறிஞர்களோ அதனை 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்திற்குரியதாகக் கொள்வர்.

தமிழகக் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திருத்தூதர் மரபில் தொடங்கி, 1542இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தாவிவிடுகின்றனர். இடைப்பட்ட ஏறத்தாழ 1500 ஆண்டுகள் சில பத்திகளில் முடிந்துவிடுகின்றன. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'கிறித்தவமும் தமிழும்' (1936) ஐரோப்பியர் வருகைக்குப் பிந்தைய தமிழ்ப் பணிகளையே தன் பொருளாக வரையறுத்துக்கொண்டது. அவ்வரையறை அந்நூலளவில் பொருத்தமானதே. ஆனால் பின்வந்தோர் அவ்வரையறையைத் தமிழகக் கிறித்தவத்தின் எல்லையாகவே கொண்டுவிட்டனர். இடைவெளியை நிரப்பவல்ல பொருட்சான்றுகளுள் தலைமையானது பரங்கிமலைக் கல். அது எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

கல்லின் அமைப்பும் வெளிப்பட்ட சூழலும்

கல்லின் நடுவில் புடைப்புருவமாகச் சிலுவை அமைந்துள்ளது. அதன் முனைகள் மொட்டுப்போல் விரிகின்றன. அடிப்பகுதியில் இருபுறமும் இலைகள் வளைந்தெழுகின்றன. கீழே படிகளாலான பீடம். மேலே தலைகீழாக இறங்கும் புறா. சிலுவையின் இருமருங்கும் தூண்கள் நிற்க, அவற்றின் தலைப்பில் அமர்ந்த மகரங்களின் வாயிலிருந்து வளைவு எழுகிறது. அவ்வளைவின் புறப்பட்டையில் எழுத்துகள் ஓடுகின்றன.

மகரத்தின் வாயிலிருந்து வளைவு எழும் இவ்வமைப்பு பல்லவ, சோழக் கோயில்களை அறிந்தோர்க்குப் புதிதன்று. மகரதோரணத்தின் எளிய வடிவமே அது. சிலுவையும் புறாவும் மேற்காசியக் கிறித்தவக் கலைமரபின. எழுத்து ஈரானின் இடைக்காலப் பாரசீகத்துக்குரியது. இம்மூன்றும் ஒரே பலகையில், ஒன்றையொன்று தழுவிய ஒற்றைத் திட்டத்தில் அமைந்துள்ளன. எனவே பழைய கோயிற்கல் ஒன்றில் பிற்காலத்தில் சிலுவை செதுக்கப்பட்டது என்னும் கருத்து கல்லின் அமைப்போடு பொருந்தவில்லை.

வெளிப்பட்ட சூழல் பற்றிய செய்திகள் போர்ச்சுக்கீசியப் பதிவுகளிலிருந்தே கிடைக்கின்றன. 1547இல் மலைமீது ஆலயப் பணிக்காக அகழ்ந்தபோது, பழைய கட்டட இடிபாடுகளிடையே இக்கல் கிடைத்ததாக அவை கூறுகின்றன. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது கல் குருதி வியர்த்ததாக எழுந்த செய்தி அதன் புகழைப் பரப்பியது. இன்றைய தொல்லியல் எதிர்பார்க்கும் மண்ணடுக்குக் குறிப்போ, உடன் கிடைத்த மட்கலங்கள் பற்றிய பதிவோ, கட்டடத்தின் தரைப்படமோ அக்கால அகழ்விலிருந்து எதிர்பார்க்கத்தக்கவை அல்ல. கல் உடனே புதிய ஆலயத்தின் சுவரில் பதிக்கப்பட்டதால் அதன் பின்புறமும் ஆய்வுக்கு எட்டாததாயிற்று. வழிபாடு கல்லைக் காத்தது. அதே வழிபாடு கல்லை அதன் தொல்லியல் சூழலிலிருந்து பிரித்தும்விட்டது.

வாசிப்பின் வரலாறு

கல்வெட்டின் முதல் 'வாசிப்பு' 16ஆம் நூற்றாண்டிலேயே நிகழ்ந்தது. போர்ச்சுக்கீசியர் அழைத்துவந்த அந்தணர் ஒருவர், ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொற்றொடருக்கு நிகரானது எனக் கொண்டு, தோமாவின் வருகையும் மறைவும் அடங்கிய நெடுங்கதை ஒன்றை விரித்துரைத்ததாக அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. கேட்போர் விரும்பிய கதையே கல்லிலிருந்து வெளிப்பட்டது. எழுத்து எம்மொழிக்குரியது என்பதுகூட அன்று அறியப்படவில்லை.

அறிவியல்முறை வாசிப்பு 1873இல் ஏ. சி. பர்னலுடன் தொடங்குகிறது. எழுத்து பஹ்லவி என்பதை அவரே நிறுவினார். சிலுவைத் துன்பத்தையும் கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் கூறும் கோட்பாட்டு அறிக்கையாக அவர் அதனை வாசித்தார். மார்ட்டின் ஹாக், ஈ. டபிள்யூ. வெஸ்ட் ஆகியோர் சொற்களில் வேறுபட்டாலும் சமயக் கோட்பாட்டையே கண்டனர். இவ்வேறுபாடுகளுக்கு ஒரு காரணம் கல்வெட்டின் அமைப்பிலேயே உள்ளது. அது நீண்டதும் குறுகியதுமான இரு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. எப்பகுதியிலிருந்து தொடங்குவது என்பதில் ஒருமைப்பாடு இல்லை.

1929இல் சி. பி. டி. விங்க்வொர்த் வெளியிட்ட வாசிப்பு திசையை மாற்றியது. அவர் கண்டது தனிமனிதர் ஒருவரின் வேண்டுதல்: சஹார்புக்தின் மகனும் சிரியனுமாகிய அஃப்ராஸ், இதனைச் செதுக்கியவன், அவன்மீது கிறிஸ்து இரங்குவாராக என்பது அதன் பொருள். 1970இல் கெர்ட் குரோப் வேண்டுதல் என்னும் வகைமையை ஏற்றுக்கொண்டு, பெயரைக் கபிரியேல் என வாசித்தார். 2002இல் கார்லோ செரெட்டி, லூக்கா ஒலிவியெரி, ஜோசப் வழுதனப்பள்ளி ஆகியோர் தென்னிந்தியச் சிலுவைக் கற்கள் அனைத்தையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் அப்பெயர் சபரீசோ என வாசிக்கப்பட்டது. விங்க்வொர்த் 'சிரியன்' எனக் கொண்ட சொல்லை அவர்கள் பாட்டனின் பெயராகக் கொண்டனர்.

இவ்வாசிப்புகளிடையே நிலைத்து நிற்பவை மூன்று: கிறிஸ்துவை விளித்தல், இரக்கம் வேண்டுதல், தந்தையின் பெயர் சஹார்புக்த் என்பது. வேண்டுவோரின் பெயர், 'சிரியன்' என்னும் இன அடையாளம், இறுதி வினை ஆகிய மூன்றும் நிலையற்றவை. தமிழில் வெளிவரும் அறிமுக நூல்கள் இவ்வேறுபாட்டைக் காட்டாமல் ஏதேனும் ஒரு மொழிபெயர்ப்பை முடிந்த முடிபாகத் தருவது பெருங்குறை. 'சிரியன்' என்ற ஒரு சொல்லைக் கொண்டு பரங்கிமலைச் சமூகத்தின் இனத்தை வரையறுப்பது, இன்னும் வழக்கில் இருக்கும் சொல்லைத் தீர்ப்பாகக் கொள்வதாகும்.

வினைச்சொல் எழுப்பும் சிக்கல்

மூன்று நிலையற்ற கூறுகளுள் வரலாற்று விளைவு மிகுந்தது இறுதி வினையே. விங்க்வொர்த்தின் வாசிப்பில் அது 'செதுக்கினான்' எனப் பொருள்படுகிறது. 2002ஆம் ஆண்டு ஆய்வில் 'சுமந்தான்' அல்லது 'கொணர்ந்தான்' என்னும் பொருள் முன்வைக்கப்பட்டு, அதுவும் ஐயக்குறியோடு நிற்கிறது.

செதுக்குவித்தவன் ஒருவன் இரக்கம் வேண்டுகிறான் எனின், கல் அது நிற்கவேண்டிய இடத்துக்காகவே உருவாக்கப்பட்டது எனக் கொள்ளலாம். அந்நிலையில் மலைமீதோ அருகிலோ வழிபாட்டிடம் ஒன்றும், அதனைப் பேணும் சமூகம் ஒன்றும், உள்ளூர்ச் சிற்பியொருவனுக்குப் பணி கொடுக்கும் பொருள்வளமும் இருந்தன என்னும் ஊகம் வலுப்பெறும். கொணர்ந்தவன் ஒருவன் வேண்டுகிறான் எனின், கல் வேறோர் ஊரில் செதுக்கப்பட்டு இங்கு வந்திருக்கலாம். கடல்வழி வந்த வணிகன் ஒருவனின் நேர்ச்சையாகவும் அது இருக்கலாம். அப்போது மகரதோரணத்தைக் கொண்டு தமிழ்ச் சிற்பியின் கைவண்ணம் என முடிவுகூறுவதும் தளரும். ஏனெனில் மகர வடிவம் சேரநாட்டுக்கும் ஈழத்துக்கும் பொதுவானது.

கல்லின் பாறைவகையை மலையின் பாறையோடும் அண்டைப் பகுதிகளின் பாறையோடும் ஒப்பிடும் ஆய்வு இவ்வினாவுக்குச் சொல்லாராய்ச்சியைவிட உறுதியான விடையளிக்கக்கூடும். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை ஆகிய குன்றுகளின் பாறைகள் நிலவியலாளர்க்கு நன்கு அறிமுகமானவை. 'சார்னோக்கைட்' எனப்படும் பாறைவகை இப்பகுதியிலிருந்தே உலக நிலவியலுக்குள் நுழைந்தது. வாசிப்பில் தீராத சிக்கலைப் பொருளாய்வு தீர்க்க வாய்ப்பிருக்கும்போது, அதனை நாடாமல் மொழிபெயர்ப்புகளையே மீண்டும் மீண்டும் எடுத்தாள்வது ஆய்வைத் தேக்கமுறச் செய்துள்ளது.

படிகளின் சான்று

பரங்கிமலைக் கல் தனித்ததன்று. கோட்டயம், முட்டுச்சிறை, கடமற்றம், ஆலங்காடு முதலிய கேரள ஊர்களிலும் இதே வகைச் சிலுவைக் கற்கள் உள்ளன. அவற்றில் இதே பஹ்லவித் தொடர் காணப்படுகிறது. கோட்டயத்தின் மற்றொரு கல்லில் பஹ்லவியுடன் சிரியாக் எழுத்தும் இடம்பெற்றுள்ளது.

தனிமனிதர் ஒருவரின் பெயர் தாங்கிய வேண்டுதல் பல ஊர்களில் அப்படியே திரும்ப வருவது கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வோர் ஊரிலும் சஹார்புக்தின் மகன் ஒருவன் இருந்திருக்க முடியாது. படியெடுத்தோர் எழுத்தின் பொருளை அறியாதவர்களாக இருந்தனர் என்றோ, அறிந்திருந்தும் முதற்கல்லின் புனிதம் கருதி அப்படியே பொறித்தனர் என்றோ கொள்ளவேண்டும். இரு நிலையிலும் எழுத்து, வாசிக்கப்படும் செய்தி என்னும் நிலையிலிருந்து வணங்கப்படும் வடிவம் என்னும் நிலைக்கு மாறிவிட்டது.

இம்மாற்றத்திலிருந்து ஒரு முடிவு பெறலாம். படியெடுக்கும் அளவுக்கு மதிப்புப் பெற்ற மூலக்கல் ஒன்று இருந்தது. அது மக்கள் தேடிச்சென்ற தலத்தில் இருந்தது. அம்மூலம் பரங்கிமலைக் கல்லே எனப் பலர் கருதுவர். தோமாவின் கல்லறையைத் தேடி மலையாளக் கரையிலிருந்து மயிலாப்பூருக்கு வந்த பயணமரபு இக்கருத்துக்குத் துணைநிற்கிறது. இவ்வாறு நோக்கும்போது, பரங்கிமலை வழிபாட்டிடத்துக்கான வலுவான சான்று பரங்கிமலையில் இல்லை. கேரளத்துப் படிகளில் உள்ளது. ஆயினும் மூலம் எது, படி எது என்பது எழுத்துவடிவ ஒப்பீட்டால் முற்றும் உறுதிப்பட்டாலொழிய இம்முடிவும் நிபந்தனைக்குட்பட்டதே.

காலக்கணிப்பு

கல்லில் ஆண்டுக் குறிப்பு இல்லை. 781இல் சீனத்தின் சியான் நகரில் எழுப்பப்பட்ட கீழைத் திருச்சபைத் தூணோடு ஒப்பிட்டால் இக்குறையின் பருமை விளங்கும். சியான் தூண் தன் ஆண்டையும், அரசனின் ஆதரவையும், சமூகத்தின் வரலாற்றையும் சீனத்திலும் சிரியாக்கிலும் தானே கூறிவிடுகிறது. பரங்கிமலைக் கல்லுக்கு எழுத்தமைதி ஒன்றே துணை.

எழுத்தமைதியை அளக்க இந்தியாவிலேயே காலம் அறியப்பட்ட பஹ்லவிச் சான்றுகள் உள. 849ஆம் ஆண்டைச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்கள் ஒன்று. மும்பையை அடுத்த கன்னேரிக் குடைவரைகளில் பார்சிப் பயணிகள் 1009, 1021ஆம் ஆண்டுகளில் பொறித்தவை மற்றொன்று. எனினும் செப்பேட்டில் கையொப்பமிட்டவன் தன் எழுத்தைத் தானே எழுதினான். பரங்கிமலையிலோ, எழுத்தறியாத சிற்பி ஓலையிலோ துணியிலோ தரப்பட்ட மாதிரியைப் பார்த்துச் செதுக்கியிருக்கலாம். அவ்வாறாயின் எழுத்தின் சிதைவைக் காலத்தின் அடையாளமாகக் கொள்வது பிழைபடும். 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை என்னும் அகன்ற வரம்பே இப்போதைக்கு நேர்மையானது.

ஒப்புமைச் சான்றுகளும் எச்சரிக்கை தருகின்றன. 1912இல் அனுராதபுரத்தில் கிடைத்த சிலுவை, வடிவில் இவ்வினத்தைச் சார்ந்தது. அதில் எழுத்தே இல்லை. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் இலங்கையில் பாரசீகக் கிறித்தவரின் தேவாலயம் இருந்ததாகக் குறித்ததைக் கொண்டு அதன் காலம் ஊகிக்கப்படுகிறது. இன்றைய அபுதாபியைச் சார்ந்த சர் பனி யாஸ் தீவில் 1990களில் அகழப்பட்ட மடாலயத்தின் காலம், மட்கலங்கள் மறு ஆய்வு செய்யப்பட்டபோது 7, 8ஆம் நூற்றாண்டுகளுக்கு நகர்ந்தது. கலைவடிவம் தந்த காலத்தை மட்கலம் திருத்திற்று. பரங்கிமலையில் திருத்துவதற்குரிய மட்கலமே கைவசம் இல்லை.

தரிசாப்பள்ளியும் சோழமண்டலக் கரையும்

இக்கல்லைத் தோமா மரபின் வெளிச்சத்தில் மட்டுமே நோக்கியதால், அதன் காலத்து வணிகச் சூழல் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. வேணாட்டு ஐயன் அடிகள் திருவடிகள், சேரமன்னன் தாணு இரவியின் ஆட்சிக்காலத்தில் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் குடிகளும் வணிக உரிமைகளும் வழங்கினார். அப்பள்ளியை எழுப்பியவர் மருவான் சபீர் ஈசோ. வட்டெழுத்தில் அமைந்த அவ்வாவணத்தில் பஹ்லவி, கூஃபி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் பள்ளியின் காவலுக்குப் பொறுப்பாக்கப்பட்டன.

பரங்கிமலைக் கல்லில் 'சபரீசோ' என்னும் வாசிப்பை ஏற்போர்க்குக் கொல்லத்துச் சபீர் ஈசோவின் பெயர் உடனே நினைவுக்கு வரும். இருவரையும் ஒருவராக்கும் ஆசையை ஆய்வாளர் தவிர்க்கவேண்டும். அது கீழைத் திருச்சபையில் பரவலாக வழங்கிய பெயர். பெயரொப்புமை ஆளொப்புமை ஆகாது.

மணிக்கிராமம் பற்றிய பழைய கருத்தும் இங்கு மறுபரிசீலனைக்குரியது. பர்னல் முதலியோர் அதனை மானிக்கேயரோடு தொடர்புபடுத்தினர். வேறு சிலர் கிறித்தவ வணிகக் குழுவாகவே கொண்டனர். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைக்கிறது. அவனிநாரணன் என்பது 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். ஆகவே மணிக்கிராமம் சமயக் குழுவன்று. பல கரைகளிலும் இயங்கிய வணிகக் குழு. அதே நந்திவர்மனை நந்திக்கலம்பகம் மல்லைக்கும் மயிலைக்கும் தலைவனாகப் பாடுகிறது. பல்லவரின் மயிலை, கடல்வணிகத்தின் கண்ணியாக இருந்த காலமும் சிலுவைக் கல்லுக்குக் கணிக்கப்படும் காலமும் ஒன்றையொன்று தழுவுகின்றன. கொல்லத்தில் ஆவணமாகக் கிடைப்பது, மயிலைக் கரையில் கல்லாக எஞ்சியது எனக் கருத இடமுண்டு. அதனை உறுதிப்படுத்தும் அரச ஆவணம் மயிலையிலிருந்து கிடைக்காதவரை இது கருதுகோளே.

பிற்காலச் சான்றுகள் மயிலாப்பூரைப் பற்றியவை. 1290களின் தொடக்கத்தில் மோந்தெகொர்வினோ யோவான் புனித தோமா ஆலயம் இருந்த நாட்டில் 13 மாதம் தங்கினார். மார்க்கோ போலோ, கிறித்தவரும் இசுலாமியரும் கல்லறைக்கு வந்ததைக் குறித்தார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா எழுதும்போது ஆலயம் பாழ்பட்டிருந்தது. இசுலாமியர் ஒருவர் அங்கு விளக்கெரித்துவந்தார். இக்குறிப்புகளை மலையுச்சிக்கு மாற்றிப் பொருத்துவது பல நூல்களில் காணும் பிழை. கடற்கரையும் மலையும் வேறு வேறு தலங்கள். சாந்தோம், மயிலாப்பூர்ப் பழம்பொருள்களைத் தொகுத்து 1936இல் நூலாக்கிய ஹோஸ்டனின் பணிக்குப் பின்னரும் இவ்வேறுபாடு தெளிவாகப் பேணப்படவில்லை.

இருவகைத் தவறான பயன்பாடு

இக்கல் இன்று இரு எதிரெதிர் வாதங்களுக்குக் கருவியாகியுள்ளது. ஒரு சாரார் இதனை முதல் நூற்றாண்டுத் திருத்தூதரின் நேர்ச்சான்றாகக் காட்டுவர். மறுசாரார் இதனைப் போர்ச்சுக்கீசியர் புனைந்த பொய்ச்சான்று என்பர்.

முதல் வாதத்தைக் கல்வெட்டே மறுக்கிறது. எந்த வாசிப்பிலும் தோமாவின் பெயர் இல்லை; எழுத்தமைதியும் முதல் நூற்றாண்டுக்கு இடந்தரவில்லை. இரண்டாம் வாதத்தையும் கல்வெட்டே மறுக்கிறது. 1547இல் ஐரோப்பியர் எவரும் பஹ்லவியை வாசிக்கவோ எழுதவோ அறியார். ஐரோப்பாவில் பஹ்லவி ஆராய்ச்சி வேரூன்றியது ஆங்கெத்தில் துபெரோனின் அவெத்தா மொழிபெயர்ப்பு 1771இல் வெளிவந்த பின்னரே. கேட்டறிந்த பொருளுக்காக அந்தணர் ஒருவரை நாடவேண்டியிருந்த போர்ச்சுக்கீசியர், 300 ஆண்டுகளுக்குப் பின்னர் அறிஞர்கள் வாசிக்கத்தக்க பாரசீகத் தொடரைப் புனைந்திருக்க வழியில்லை.

இருசாராரும் கல்லை ஒரு தரப்பின் சாட்சியாக நிறுத்துகின்றனரே தவிர, அதில் தன் பெயரைப் பொறித்து இரக்கம் வேண்டியவனைக் கணக்கில் கொள்வதில்லை. 16ஆம் நூற்றாண்டில் விரித்துரைக்கப்பட்ட நெடுங்கதைக்கும் இவ்வாதங்களுக்கும் முறையியலில் வேறுபாடு குறைவு.

முடிவுரை

மேற்கண்ட மதிப்பீட்டால் பெறப்படுவன வருமாறு. பரங்கிமலைக் கல் ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. பாரசீக எழுத்தைத் தம் வழிபாட்டு எழுத்தாகக் கொண்ட கிறித்தவர் தென்னிந்தியக் கரைகளில் இயங்கினர் என்பதற்கு அது உறுதியான சான்று. அவர்கள் மலைமீது தேவாலயம் எழுப்பினர் என்பது ஏற்கத்தக்க ஊகம், நிறுவப்பட்ட உண்மையன்று. அவ்வூகத்தின் வலிமை கேரளப் படிகளையும் இறுதி வினையின் பொருளையும் சார்ந்துள்ளது.

இனிச் செய்யத்தக்கன மூன்று: கல்லைச் சுவரிலிருந்து பெயர்க்காமலேயே அதன் பாறைவகையை அறிதல், அனைத்துச் சிலுவைக் கற்களின் எழுத்துகளையும் நுண்பதிவு செய்து தரிசாப்பள்ளிக் கையொப்பங்களோடு ஒப்பிடுதல், தமிழ்ப் பாடநூல்களிலும் அறிமுக நூல்களிலும் கல்வெட்டின் மாற்று வாசிப்புகளை அருகருகே தருதல். முதலிரண்டுக்கும் ஆலய நிருவாகத்தின் இசைவும் நிறுவனங்களின் துணையும் வேண்டும். மூன்றாவதைத் தமிழ்த்துறை ஆசிரியர்கள் தம் அடுத்த வகுப்பிலேயே தொடங்கலாம்.